ஜெத்ரோ வைத்த உலை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. குளிர்கிறதென்றால் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். ஒரு பானை கொதித்த கதை சொல்கிறேன். பானை கொதிப்பதில் என்ன கதை என்று கேட்காதீர்கள். எங்கள் வெதர்கோம்பில் பானை கொதித்தால்தான் பாராளுமன்றத்துக்கு ஆள் போக முடியும்.

ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து இங்கிலாந்துக்குப் புது ராஜா வந்து இறங்கிய பிறகு நடந்த முதல் தேர்தல் அது. ராஜா பக்கம் விக் கட்சி, பாதிரியார் பக்கம் டோரி கட்சி. விக் கட்சிக்காரன் சுட்ட ரொட்டி டோரிக்காரன் வயிற்றில் செரிக்காது. இரண்டு நாய்கள் தெருவில் குரைத்துக்கொண்டால்கூட, எது எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டுத்தான் கல்லெறிவார்கள்.

மற்ற ஊர்களில் நிலம் வைத்திருப்பவனுக்கு ஓட்டு. எங்கள் ஊர் வழக்கம் வேறு. தனக்கென்று ஓர் அடுப்பு இருந்து, அதில் தன் பானையை ஏற்றி உலை வைத்துச் சாப்பிடுகிற ஆண்பிள்ளை எவனுக்கும் ஓட்டு உண்டு. அடுத்தவர் அடுப்பில் சாப்பிடுகிறவனுக்குக் கிடையாது. அதனால் தேர்தல் நெருங்கினால், சந்தேகப்படுகிறவர்கள் வாயை அடைக்க, ஆண்கள் ஊரறியப் பானை வைத்து, ஊரறியச் சாப்பிட்டுக் காட்டுவார்கள்.

இப்போது ஜெத்ரோ பின்னக்கிடம் வருவோம். கம்பளி சீவுகிற தொழில். கெட்டிக்காரன், சாது. ஆனால் வீட்டோடு மாப்பிள்ளை. வீடு மாமியார் டாம்சின் ஸ்வீட்லேண்டுடையது. அடுப்பும் பானையும் கரண்டியும் அவளுடையவை. கல்யாணமான நாளிலிருந்து ஊரில் ஒருவரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஸ்வீட்லேண்ட் வீட்டு மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டுப் போடும் இடத்தில் மட்டும் மணியக்காரர் ஒவ்வொருவனையும் பெயர் சொல்லி உரக்க அழைப்பார். எந்தக் கட்சிக்கு ஓட்டு என்று அவனும் உரக்கப் பதில் சொல்வான். ஒரே ஒரு முறை அப்படித் தன் பெயர் ஊர் நடுவில் ஒலிக்க வேண்டும் என்று ஜெத்ரோ ஏங்கினான்.

மாமியார் தீவிர விக். தொப்பியில் விக் ரிப்பன் குத்திக்கொண்டு கோயிலுக்கே போய், பாதிரியார் பிரசங்கத்தின் நடுவில் இருமுகிறவள். ஜெத்ரோ டோரி. மாமியார் விக் என்பதைத் தவிர வேறு காரணம் அவனுக்கே தெரியாது.

"இங்க பாரு மாப்ளே," என்றாள் டாம்சின், சாப்பாட்டு மேசையில். "விக்குக்குப் போடுறேன்னு சொல்லு. என் அடுப்புல பாதி உன்னோடதுன்னு நானே மணியக்காரர்கிட்ட சொல்றேன்."

"பாதி அடுப்புல எப்படி அத்தை முழுப் பானை வைக்கிறது?"

"முழு அடுப்பு வேணும்னா நீயே கட்டிக்க. என் வீட்டு அடுப்புக்கு உன் கட்சிப் புகை ஆகாது."

"கட்டிக்கிறேன்."

"கட்டுவ, கட்டுவ. போன வருஷம் கோழிக்கூடு கட்டினியே. கோழி மழைக்கு நம்ம கட்டிலுக்கு அடியில வந்து படுத்துச்சு."

நடுவில் உட்கார்ந்திருந்த கெசையா, அவளுக்கு மகள், இவனுக்கு மனைவி, பன்றி இறைச்சித் துண்டைத் தன் தட்டுக்கு இழுத்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் கட்சியைச் சாப்பிடுங்க. எனக்குப் பசிக்குது."

சொன்னபடியே ஜெத்ரோ பின்புறக் கம்பளிக் கொட்டகையில் அடுப்புக் கட்டினான். செங்கல் பாதிரியார் கொடுத்தது. பானைக்கு எங்கே போவது? பாதிரியாரின் மனைவி துணி அவிக்கிற செப்புக் கொப்பரையைக் கொடுத்தனுப்பினாள். ஆயுசு முழுக்கச் சோப்பு தின்ற கொப்பரை அது. எத்தனை தேய்த்துக் கழுவியும் அதன் குணம் போகவில்லை.

தேர்தலன்று காலை, மணியக்காரர் அடுப்புகளைப் பார்வையிட வந்தார். பின்னாலேயே விக் கட்சியின் ஆள் வோஸ்பர், அவன் பின்னால் பாதித் தெரு. ஜெத்ரோ பட்டாணியும் முட்டைக்கோஸும் போட்டு உலை ஏற்றியிருந்தான். கொட்டகை முழுக்கப் புகை. கொப்பரைக்கு மேல் ஒரு முழத்துக்கு வெள்ளை வெளேரென்று நுரை.

"என்ன மாப்ளே," என்றாள் டாம்சின் வாசற்படியிலிருந்து, "சாப்பிடப் போறியா, சட்டை துவைக்கப் போறியா?"

மணியக்காரர் முகத்தை நேராக வைத்துக்கொள்ளப் பாடுபட்டார். "வழக்கப்படி சாப்பிட்டுக் காட்டணும்ப்பா."

ஜெத்ரோ கிண்ணம் நிறைய ஊற்றிக் குடித்தான். முழுவதும் குடித்தான். அப்புறம் வாயைத் திறந்தபோது உதட்டில் ஒரு குமிழி வந்து, நின்று, உடைந்தது. "அருமையா இருக்கு," என்றான். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

வோஸ்பர் முன்னால் வந்தான். "மணியக்காரரே, கொட்டகை யாரோடது? விறகு யாரோடது? எல்லாம் அந்தம்மாவோடது. இவன் ஒரு பொம்பளை தட்டுல சாப்பிடுறவன். அவங்களையே கேளுங்க."

மணியக்காரர் வேதப்புத்தகத்தை நீட்டினார். டாம்சின் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அதன் மேல் வைத்தாள். அவள் உண்மையைச் சொன்னாலே போதும், அவன் பெயர் ஒலிக்காது. கெசையா அம்மாவின் பாவாடை ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தாள். அம்மா திரும்பவில்லை.

வோஸ்பர் அத்தோடு நிறுத்தியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஜெயிக்கப் போகிறோம் என்ற குஷியில் அவனுக்கு நாக்கு நீண்டுவிட்டது.

"வீட்டுக்குள்ள இருக்கிற பெரிய அடுப்பைப் பத்தியும் பேச்சே வேணாம்," என்றான். "இந்தம்மா புருஷன் ஸ்வீட்லேண்ட் செத்த அன்னிக்கே அது அணைஞ்சு போச்சு. விதவை அடுப்பு சட்டத்துல அடுப்பே இல்ல. அந்த வீட்டுல உலை கொதிக்கிறதே இல்லைன்னுதான் அர்த்தம்."

டாம்சின் வேதப்புத்தகத்தின் மேலிருந்து கையை எடுத்தாள்.

"என்ன சொன்ன?"

"சட்டத்தைச் சொன்னேம்மா."

"கொதிக்கிறதே இல்லையா? போன பனியில உன் பொண்டாட்டி காய்ச்சல்ல கிடந்தப்ப கஞ்சி எங்கேருந்து வந்துச்சு? லண்டன்லேருந்தா? ராஜா அனுப்பினாரா?"

"அம்மா, நீங்க நம்ம கட்சி..."

"கட்சி தொப்பியில இருக்கு. அடுப்பு வீட்டுல இருக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாத."

அவள் விடுவிடுவென்று உள்ளே போனாள். பெரிய அடுப்பின் இரும்பு இடுக்கியோடு திரும்பி வந்தாள். வோஸ்பர் இரண்டடி பின்வாங்கினான். ஆனால் அவள் இடுக்கியை ஜெத்ரோவின் கையில் கொடுத்தாள்.

"மணியக்காரரே, நல்லா கேட்டுக்குங்க. எல்லார் முன்னாலயும் இந்த நிமிஷமே என் அடுப்பு, பானை, விறகு அத்தனையும் இவனுக்குக் கொடுத்துட்டேன். இனிமே இந்த வீட்டுல உலை வைக்கிறவன் இவன். நான் இவன் பானையில சாப்பிடுறவ. இப்ப அது அடுப்புதானே சட்டத்துல?"

மணியக்காரர் தாடையைச் சொறிந்தார். "அடுப்புதான்."

"சத்தியம் வாங்கிக்குங்க."

வாங்கிக்கொண்டார்.

அன்று மத்தியானம் சந்தை மண்டபத்தில் மணியக்காரர் உரக்கக் கூப்பிட்டார்: "ஜெத்ரோ பின்னக்!"

ஜெத்ரோ நகரவில்லை. அவர் இன்னொரு முறை கூப்பிடட்டும் என்று வேண்டுமென்றே நின்றான். இரண்டாம் முறையும் பெயர் ஒலித்த பிறகுதான் மேசைக்குப் போனான். திரும்பிப் பார்த்தான். கூட்டத்தின் ஓரத்தில் மாமியார் விக் ரிப்பனோடு நின்றுகொண்டிருந்தாள். நன்றிக்கு விக் என்பதா, கட்சிக்கு டோரி என்பதா என்று வாயைத் திறந்து திறந்து மூடினான்.

"என்னை ஏன்டா பாக்குற?" என்று அவள் கத்தினாள். "உன் வாய்தானே? சொல்லித் தொலை!"

சொன்னான். டோரிக்கு. மண்டபத்துக்கு வெளியே நின்ற குதிரைகளுக்கும் கேட்டிருக்கும்.

"முட்டாப்பய," என்றாள் டாம்சின் பக்கத்திலிருந்தவளிடம். "ஆனா தொண்டை இருக்கு பாத்தியா?"

விக் கட்சி சுலபமாக ஜெயித்தது. ஜெத்ரோ ஓட்டு எந்தப் பக்கம் விழுந்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். அவனுக்கு அது உறைக்கவேயில்லை. வழியெல்லாம் "பின்னக், பின்னக்" என்று ஆட்கள் கூப்பிட்டு ஆளுக்கொரு குவளை ஆப்பிள் மது கொடுக்க, அத்தனையும் குடித்து, விளக்கேற்றும் நேரத்துக்கு வீடு வந்தான்.

அடுப்பு சில்லென்று கிடந்தது. மாமியாரும் மனைவியும் காலித் தட்டுகளுக்கு முன்னால் கரண்டியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன அத்தை, சாப்பாடு?"

"அதைத்தான் நாங்களும் கேக்குறோம்," என்றாள் டாம்சின். "வேதப்புத்தகத்துல கை வெச்சுச் சொல்லியிருக்கேன். உலை வைக்கிறவன் நீ. வை."

ஜெத்ரோ கெசையாவைப் பார்த்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டைச் சரிசெய்தாள்.

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நெருப்பு மூட்டினான். இறைச்சி ஒரு பக்கம் கருகியது, மறு பக்கம் வேகவில்லை. கோதுமை உருண்டை வாயில் போட்டால் கல். டாம்சின் ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு குறை சொன்னாள். ஆனால் தட்டில் ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை. கடைசியில் காலித் தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க, வீட்டுக்காரரே."

உங்கள் வீட்டிலும் அப்படியே நடக்கட்டும் கண்ணுகளா. கட்சிக்கு ஒருவராய்ப் பிரிந்து கத்தினாலும் ஒரே மேசையில் பசியாறுங்கள். பெண்ணெடுத்தவர்களும் பெண் கொடுத்தவர்களும் மனம் குளிர்ந்திருக்க, பிள்ளைகுட்டிகளோடு நூறாண்டு நலமாய் வாழுங்கள்.