சுக்குக் கிடங்குக்குப் பின்னால் பாலைவனம்

1976 சித்திரையில், கொச்சி மட்டாஞ்சேரியில் வெங்கிடேஸ்வரனின் சுக்குக் கிடங்குக்குப் பின்னால் ஒரு பாலைவனம் வந்து சேர்ந்தது. அதுவரை அங்கே காயல் இருந்தது. பின்கதவைத் திறந்தால் இருபுறமும் செந்நிறப் பாறைகள் உயர்ந்து நிற்க, நடுவே வறண்ட பள்ளத்தாக்கு வளைந்து போனது. சற்று உள்ளே நடந்தால் பாறையில் காவி நிறத்தில் ஒரு மான் கூட்டம். யார், எந்தக் காலத்தில் வரைந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆடிமழையிலும் அங்கே சுக்கு நன்றாகக் காய்ந்ததால் முதலாளி ஆட்சேபிக்கவில்லை. சுக்கு புடைக்கும் பெண்கள் மதியச் சோற்றை அங்கே கொண்டுபோய்ச் சாப்பிட்டார்கள். சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்த மாடத்தி, அந்த மான்களுக்கு எதிரே மட்டும்தான் காலை நீட்டி உட்கார்ந்தாள். வேறெங்கும் அவளுக்கு அதற்கு இடமில்லை.

1980இல் யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை திறந்த வெங்கிடேஸ்வரன், மான் வரைந்த பாறையை அறுத்து வெள்ளைக்காரப் பயணிகளுக்கு விற்க முடிவு செய்தார். உளியோடு வந்தவன் மாடத்தியின் தம்பி அழகர். அவள் மான்களின் மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, மாறி நில்லு. முதலாளி பாத்துட்டிருக்காரு. இந்தப் பணி போனா எனக்கு வேற இல்ல."

"மொதல்ல எம்மேல உளிய வை. அப்புறம் பாறைல வை."

அழகர் உளியைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். வேறு ஆட்கள் வந்து அவளை இழுத்து அகற்றியபோது பாறை வெறுமையாக இருந்தது. மான்கள் அத்தனையும் அவள் முதுகிலும் கைகளிலும் ஏறியிருந்தன. வெங்கிடேஸ்வரன் தன் சரக்கைக் கேட்டு போலீஸை அழைத்தார்.

"தோல மட்டும் தரமாட்டேன்," என்றாள் மாடத்தி. "வேணும்னா என்னை முழுசா கடையில வைங்க. வர்றவங்ககிட்டயெல்லாம் என்ன நடந்துச்சுன்னு சொல்லிட்டிருப்பேன்."

இன்ஸ்பெக்டர் சாயா குடித்துவிட்டுக் கிளம்பினார்.

வேலையிலிருந்து அவளை நிறுத்தியதும் மற்ற பெண்களும் முறத்தைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார்கள். கப்பலேற வேண்டிய சுக்கில் வண்டு விழுந்தபோது எல்லோரையும் திரும்ப அழைத்தார்கள். அழகருக்குக் காயலின் அக்கரையில், தேவராவில் கொத்துவேலை கிடைத்தது. மாடத்தி முதுகை இறக்கித் தைத்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு, வேலைக்குப் படகில் நிமிர்ந்து நின்று போய்வந்தாள். முறைத்தவர்களை அவளும் முறைத்தாள். சில வருஷத்தில் யாரும் முறைக்கவில்லை.

1987 மழைக்காலத்தில், அவள் இடது முழங்கைக்குக் கீழே இருந்த மான் ஒன்று குட்டி போட்டது. அன்று முழுக்க அவள் அந்தக் கையை அசைக்கவில்லை. பக்கத்திலிருந்த பெண்கள் அவள் பங்குச் சுக்கையும் சேர்த்துப் புடைத்தார்கள்.