மூன்று வரித் திருத்தம்

பாகூர் கடைத்தெருவில் பம்புசெட் கடை வைத்திருக்கும் சிவப்பிரகாசத்தின் மனைவி விஜயகுமாரிக்கு, வியாபாரம் ஓய்ந்த நேரங்களில் வேறொரு வேலை உண்டு. ஸ்டார்ட்டரும் கேபிளும் ஃபுட் வால்வும் அடுக்கிய அலமாரிக்கு முன்னால் மடிக்கணினியைத் திறந்துவைத்து, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கான ஆவணம் ஒன்றைப் பராமரித்துவந்தாள். கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் ஒரு சிப் கம்பெனியில் இருந்தபோது எழுதத் தொடங்கியது. கம்பெனியை விட்டுவிட்டாள். அந்தக் கோப்பை விடவில்லை.

"அதுல இன்னாதான் எழுதுவ?" என்று சிவப்பிரகாசம் ஒருமுறை கேட்டான்.

"கம்ப்யூட்டரு முழிச்சிக்கும்போது அதுக்குக் கண்ணு தெரியாதுங்க. தன்னோட எந்தச் சிப்பு ஒட்டியிருக்குது, எந்த ஒயர்ல இருக்குது, எத்தினி வோல்ட்டு, ஒண்ணும் தெரியாது. எழுதிவெச்சாத்தான் படிச்சித் தெரிஞ்சிக்கும். அப்படி எழுதறதுக்கு முறை இன்னான்னு சிப்புக்குச் சிப்பு ஒரு கோப்பு இருக்குது. ஆயிரக்கணக்குல இருக்குது. அதுல ஒண்ணு என்னுது."

அவளுடைய கோப்பு, தண்ணீரின் அழுத்தத்தை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் ஒரு சிறிய சிப்பைப் பற்றியது. நூறு வரிகூட இருக்காது. தலைப்பில் பராமரிப்பவர் என்று அவள் பெயர்.

கார்த்திகை மாதம் ஒரு காலை, பெரு நாட்டிலிருந்து ரோசாலியா என்ற பொறியாளர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். பனிமலைக்குக் கீழே ஒரு ஏரி. அதன் கரை உடைந்தால் அடிவாரத்து ஊர் போய்விடும். ஏரியில் நீர்மட்டம் பார்த்துச் சைரன் ஊதும் கருவியை அவள்தான் கவனித்துக்கொள்கிறாள். இடி விழுந்து பழைய போர்டு கருகியதால் புதிது மாட்டினார்கள். அதிலிருந்து ஏரி பாதி நிறைவதற்குள்ளேயே சைரன் அலறுகிறது.

"மூன்று முறை ஊரே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. நான்காம் முறை ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. பழைய போர்டில் இருந்தது உங்கள் சிப்பின் ஏ ரகம், புதியதில் இருப்பது பி ரகம். இரண்டு ரகமும் ஒன்றே என்று உங்கள் ஆவணம் சொல்கிறது. நிச்சயமா?"

விஜயகுமாரி தன் கோப்பைத் திறந்து பார்த்தாள். அந்த வரியை எழுதிய நாள் நினைவிருந்தது. அன்று அவள் மேசையில் இருந்தது ஏ ரகம் மட்டும். பி ரகத்தை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. கம்பெனிக் குறிப்பில் வித்தியாசம் எதுவும் சொல்லாததால் ஒன்றேதான் என்று எழுதினாள். அதைப் படித்து யாரோ, கணினியைச் சிப்போடு பேசவைக்கும் டிரைவர் நிரலை எழுதினார்கள். அதை நம்பி யாரோ ஒரு மலையில் சைரன் வைத்தார்கள்.

கடைக்குப் பழுது பார்க்க வந்திருந்த நீர்மட்டக் கருவிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். நான்காவதில் அதே சிப் இருந்தது. ஃபோன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அரிசி மணி அளவுச் சிப்பின் முதுகில் கடைசி எழுத்து பி. மல்டிமீட்டரை வைத்தாள். சிப் தனக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளும் உள் வோல்ட், ஏ ரகத்தில் நான்குக்குச் சற்று மேலே இருக்கும்; இதில் இரண்டுக்குச் சற்று மேலே நின்றது. சரியாகப் பாதி. அளவுகோல் பாதியானால் அளவு இரட்டிப்பாகும்.

அதுவே போதும்தான். ஆனால் பார்க்காமல் ஒருமுறை எழுதிவிட்டாள். இந்த முறை தண்ணீரிலேயே பார்த்துவிட நினைத்தாள்.

கடைக்கு மோட்டார் இறக்கித் தரும் மெக்கானிக் அந்தோணிசாமியைக் கூப்பிட்டாள். அபிஷேகப்பாக்கத்தில் செல்லப்பன் என்பவரின் வயல் கிணறு, மழைக்குப் பிறகு விளிம்புவரை நிறைந்திருந்தது. அந்தோணிசாமி கயிற்றில் மீட்டருக்கு ஒரு சிவப்புப் பெயின்ட் அடையாளம் வைத்து, நுனியில் அந்தக் கருவியின் சென்சாரைக் கட்டினார். அவள் வரப்பில் சாக்கை விரித்து, பேட்டரியோடு போர்டையும் மடிக்கணினியையும் இணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு இறக்கிட்டேன்."

திரையில் இரண்டு.

"மூணு."

ஆறு.

கயிறு தளர்ந்து, சென்சார் தரையைத் தொட்டது. "ஒம்போது. அவ்ளோதாம்மா கெணறு."

"பதினெட்டு காட்டுதுண்ணே."

"இன்னாம்மா இது? பாறைக்குள்ள பூந்துச்சா?"

அவளால் சிரிக்க முடியவில்லை. எங்கோ ஒரு ஊர் பாதி ஏரிக்குப் பயந்து மூன்று முறை ஓடியதை இப்போதுதான் கண்ணால் பார்த்தாள். பார்க்காத ஒரு மலையில் நடந்தது, செல்லப்பன் கிணற்றில் அப்படியே நடந்துகொண்டிருந்தது.

அன்று மதியமே திருத்தம் எழுதி அனுப்பினாள். டிரைவரைச் சரிசெய்ய அதை எழுதியவருக்கும் சொன்னாள். மறுநாள், இந்த ஆவணங்களையெல்லாம் சரிபார்க்கும் ஒருவர் ஜெர்மனியிலிருந்து அதைத் திருப்பி அனுப்பினார். "டிரைவர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். டிரைவர் மாறும், கெர்னல் மாறும். சிப் எப்படி இருக்கிறது, அதை மட்டும் எழுதுங்கள்."

மறுபடி எழுதினாள். மறுபடி திரும்பிவந்தது. மூன்றாம் முறை தன் விளக்கம், வருத்தம், ஊகம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பார்த்தாள். மூன்று வரி மிஞ்சியது. பி ரகத்தில் உள் வோல்ட் இவ்வளவு என்று மட்டும் சொன்னது. உலகத்தில் உள்ள ஒரு பொருளைப் பற்றி, அது உள்ளபடியே.

திருத்தத்தின் அடியில் சோதித்தவர் பெயரைப் போடுவது அங்கே வழக்கம்.

"அண்ணே, உங்க பேரு போடறேன். மெயில் ஐடி இருக்குதா?"

"ஃபோன் வாங்கும்போது பையன் ஒண்ணு போட்டுக் குடுத்தான். என் பேரு எதுக்கும்மா? கயிறு வுட்டதுக்கா?"

"நீங்கதானே அளந்தீங்க?"

"எங்க இருக்கும் அந்தப் பேரு?"

"கெர்னல் எங்கெங்க வெச்சிருக்காங்களோ அங்கெல்லாம். போட்டா அழிக்க மாட்டாங்க. நமக்கப்பறமும் இருக்கும்."

அந்தோணிசாமி கிரீஸ் படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "எழுத்து தப்பில்லாம போடும்மா" என்றார்.

யார் இவர், எப்படிச் சோதித்தார் என்று ஜெர்மனிக்காரர் கேட்டார். பம்பு மெக்கானிக், ஒன்பது மீட்டர் கிணற்றில் கயிறு கட்டி இறக்கினார் என்று எழுதினாள். இந்த வருடம் இதைவிட நல்ல சோதனையைத் தான் பார்க்கவில்லை என்று ஒரு வரி வந்தது. திருத்தம் ஏற்கப்பட்டது, அதைப் பார்த்து டிரைவரும் சரிசெய்யப்பட்டது. ரோசாலியா கருவியைப் புதுப்பித்தாள். பிறகு வீடுவீடாகப் போய், இனிமேல் ஊதினால் நம்புங்கள் என்று சொல்லிவருவதாக எழுதினாள்.

மாசியில் அவளிடமிருந்து கடிதம் வந்தது. கடையில் நண்பகல் நேரம். சிவப்பிரகாசம் ஒருவருக்கு ரிலே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அந்தோணிசாமி புல்லி மாற்ற வந்திருந்தார். விஜயகுமாரி படித்துவிட்டு எழுந்து நின்றதைக் கண்டு சிவப்பிரகாசம் திரும்பினான்.

"இன்னா விஜி?"

அவள் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தாள்.

"நான்கு நாள் மழை. ஐந்தாம் நாள் மேலேயிருந்து பனிப்பாறை ஏரிக்குள் விழுந்தது. எந்த மட்டத்தில் ஊத வேண்டுமோ அந்த மட்டத்தில் சைரன் ஊதியது. கருவியைப் புதுப்பித்ததிலிருந்து அதுவரை ஒருமுறைகூட ஊதவில்லை. அதனால்தான் நம்பினார்கள். இருநூற்றுப் பதினான்கு பேர் மேட்டில் நின்று, தங்கள் வீடுகள் போவதைப் பார்த்தோம். பள்ளிக்கூடம் போய்விட்டது, பாலம் போய்விட்டது. ஆட்களை எண்ணினோம். இரண்டு முறை எண்ணினோம். ஒருவரும் குறையவில்லை."

அவள் மூன்று வரியை நினைத்தாள். தினமும் எத்தனையோ இயந்திரங்கள் இருட்டில் விழித்து, தம்மைச் சுற்றி என்ன இருக்கிறது என்று யாரோ எழுதிவைத்ததைப் படித்து நம்புகின்றன. எழுதியவர்களை அவை பார்த்ததில்லை. எழுதியவர்களும் அவற்றைப் பார்த்ததில்லை. அவள் உட்கார்ந்துகொண்டாள்.

"இருநூத்திப் பதினாலா?" என்றார் அந்தோணிசாமி.

"ஆமாண்ணே."

அவர் கையிலிருந்த புல்லியை மெதுவாக மேசைமேல் வைத்தார். ரிலே வாங்க வந்தவரும் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னொரு தபா படிம்மா," என்றார் அந்தோணிசாமி.

அவள் முதலிலிருந்து படித்தாள்.