நான் இன்னும் ஏறவே இல்லை

வியாழக்கிழமை காலை மருமகள் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். மாமனார் முன் இருக்கையில் ஏறி, பெல்ட்டை இழுத்து மாட்டி நிமிர்வதற்குள் அவள் பக்கத்துக் கண்ணாடி இறங்கியிருந்தது. வெளியே சுள்ளென்று வெயில். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஏசியைப் போட்டுவிட்டுக் கண்ணாடியை இறக்குவார் உண்டா?

"கொஞ்சம் காத்து வரட்டும் மாமா," என்றாள் அவள்.

கேட்காத கேள்விக்குப் பதில் வருகிறதென்றால் அதில் ஏதோ இருக்கிறது. அவருக்கும் மூக்கு இருந்தது. ஈரத்துணியை வாளியிலேயே மறந்துவிட்டால் மூன்றாம் நாள் வருமே, அந்த வாடை. அதற்கடியில் ஒரு புளிப்பு. புளிப்புக்கும் அடியில், வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற வேறொன்று. அவர் இரண்டு தொடைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தபடி வந்தார்.

கோடையின் தொடக்கத்தில் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. கட்டி போய்விட்டது, பயமில்லை என்றார் டாக்டர். கூடவே, சிறுநீரை அடக்கும் பிடி திரும்பி வரக் கொஞ்ச காலமாகும், அதுவரை பேட் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். ஏதோ சட்டைக்குப் பட்டன் மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். தும்மினால் பயம், சிரித்தால் பயம். வியாழன்தோறும் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் அவருக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். வேறொரு ஊரில் வேலையிலிருந்த மகன் மாதம் ஒருமுறைதான் வருவான். அதனால் கூட்டிப்போகும் பொறுப்பு மருமகளுக்கு வந்தது. அவள் வேலை பார்த்த நூலகம் நடந்துபோகிற தூரம்தான். கார் வெளியே கிளம்புவதே வியாழக்கிழமைகளில், அவருக்காக மட்டும். மற்ற நாளெல்லாம் பக்கத்து மனையில் மரத்தடியில் நின்றது.

அவர் கண்ணாடிக்கடை வைத்திருந்தவர். மூக்குக்கண்ணாடியைப் பொருத்துவதென்றால் அடுத்தவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் குனிய வேண்டும். காதோரக் கம்பியை வளைத்து, மூக்கின்மேல் சரியாக உட்காருகிறதா என்று பார்த்து, அறிமுகமே இல்லாத ஒருத்தரின் மூச்சோடு தன் மூச்சு கலக்க நிற்க வேண்டும். கடை நடத்திய காலமெல்லாம் வாயில் ஒரு கிராம்பு இல்லாமல் அவர் யார் முன்னாலும் குனிந்ததில்லை. மத்தியானம் ஒரு சட்டை மாற்றுவார். "மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்களே" என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள். அப்படிப்பட்ட மனுஷனுக்கா இது என்று தன்மேலேயே அவருக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த வியாழன் அவருடைய இருக்கையில் ஒரு புது உறை போட்டிருந்தது. தண்ணீர் ஒட்டாத ரகம். "மழைக்காலம் வருதுல்ல மாமா, அதான்," என்றாள். மழை நான்கு இருக்கைகளிலுந்தானே பெய்யும் என்று அவர் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும்வரை அந்த உறை அவருக்கடியில் சரசரத்துக்கொண்டே வந்தது.

அன்று சாயங்காலம் அவர் கூடத்துக்கு வரும்போது அவள் சமையலறையில் மகனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நூலகத்துக் குரல், வீட்டிலும் அவளுக்கு அதற்குமேல் ஏறாது. ஆனால் சில வார்த்தைகளுக்குச் சத்தம் தேவையில்லை.

"கார்ல உக்கார முடியலைங்க. நான் எப்படிங்க அவர்கிட்ட சொல்றது? நீங்க வரும்போது பக்குவமா நீங்களே சொல்லுங்க."

அவர் வந்த காலோடு திரும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள்மேல் கோபப்பட அவருக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. பாவம், மூக்கைப் பொத்தாமல் இத்தனை வாரம் ஓட்டியிருக்கிறாளே.

அதன்பிறகு அவர் நாளைக்கு மூன்று தடவை குளித்தார். சோபாவில் உட்காருவதை விட்டார். "முதுகுக்கு இதுதான் சவுகரியம்" என்று பால்கனியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து, கூடத்தின் ஓரத்தில், ஜன்னலை ஒட்டிப் போட்டுக்கொண்டார். பழைய சிநேகிதர்கள் கூப்பிட்டால் உடம்புக்கு முடியவில்லை என்றார். பயிற்சி சொல்லித்தந்த பெண், "நல்லா தேறிட்டீங்கய்யா, இனிமே பேட்கூட வேண்டியிருக்காது," என்று சிரித்தபோது, கிழவனைச் சமாதானப்படுத்துகிறாள் என்று நினைத்தார். பேட் காய்ந்தேதான் இருந்தது. அவர் அதை நம்பவில்லை. தன் மூக்கை நம்பினார்.

"இனிமே நான் பஸ்லயே போயிக்கறேம்மா. உனக்கெதுக்கு லீவு போட்ற சிரமம்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, "சரிங்க மாமா," என்றாள். அந்தச் சரியில் கொஞ்சம் நிம்மதி இருந்ததோ என்று அவர் இரவெல்லாம் புரண்டார். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் உட்காராமல் படிக்கட்டுப் பக்கம் காற்றடிக்கும் இடத்தில் நின்றார். கார் மரத்தடியில் இலைக் குப்பையைச் சுமந்துகொண்டு வாரக்கணக்கில் அப்படியே கிடந்தது.

மழை அந்த வருஷம் ஒரு வியாழக்கிழமை பகலில்தான் தொடங்கியது. ஆஸ்பத்திரி வாசலில் அவர் மாட்டிக்கொண்டார். ரோடு தெரியவில்லை, பஸ்ஸும் வரவில்லை. போன் அடித்தது.

"மாமா, அங்கயே நில்லுங்க. நான் வர்றேன்."

"வேண்டாம்மா, மழை விட்டதும்..."

"நில்லுங்க மாமா." அவள் அப்படி அதட்டி அவர் கேட்டதில்லை.

கார் வந்து படியோரம் நின்றது. முன் கண்ணாடியில் படிந்த ஆவி போவதற்கு ஏசியை முழு வேகத்தில் வைத்திருந்தாள். உள்ளிருந்தபடியே எட்டி அவர் பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்தாள். அவர் குடையை மடக்கக் குனிந்தார். அப்போதுதான் அது உள்ளேயிருந்து குப்பென்று வந்து அவர் முகத்தில் அடித்தது. அதே வாடை. அதே புளிப்பு. முன்னைவிட இரண்டு பங்கு.

அவர் ஒரு கால் படியிலும் ஒரு கை கதவிலுமாக நின்றார். மழை முதுகில் கொட்டியது. இருக்கையைப் பார்த்தார். தன்னைப் பார்த்தார். மறுபடி காருக்குள் மூக்கை நீட்டி முகர்ந்தார்.

"அம்மா," என்றார். "நான் இன்னும் ஏறவே இல்லையேம்மா!"

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். அழுதிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"தெரியும் மாமா. வீட்லேர்ந்து தனியாத்தானே வர்றேன். வழி பூரா..." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் போய் உங்களை..."

"நானுந்தாம்மா நினைச்சேன்," என்றார் அவர்.

பின்னாலிருந்த வண்டி ஹாரன் அடித்தது. அவர் சட்டென்று ஏறிக் கதவைச் சாத்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் அவர்தான் சிரித்தார். தொண்டையில் ஆரம்பித்து, தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அப்படிச் சிரித்ததில்லை. சிரித்து முடித்ததும் பழைய பயத்தில் ஒரு கணம் அசையாமல் உட்கார்ந்து பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

"வீட்டுக்கு வேண்டாம். நேரா ஒர்க்ஷாப்புக்கு விடும்மா."

ஒர்க்ஷாப்பில் மெக்கானிக் டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி, கையை விட்டு ஏசி ஃபில்டரை உருவினார். வெள்ளையாக இருக்க வேண்டிய அட்டை, கருத்து ஊறிப்போன கஞ்சிப்பசை மாதிரி வந்தது. அதன் மடிப்புகளில் அழுகிய இலைகள், பூஞ்சை, ஒரு விதையிலிருந்து வெளிறிய முளைகூட.

"இதுக்குள்ள ஒரு தோட்டமே வெச்சிருக்கீங்களே! மரத்தடியில நிக்கிற வண்டியா?"

பிறகு காருக்கடியில் படுத்து, ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாயில் ஒரு கம்பியை விட்டுக் குத்தினார். சேறு முதலில் வந்தது. அதன்பின் பழுப்பு நிறத்தில் தண்ணீர் சளசளவென்று கொட்டியது. வழி அடைத்துத் தேங்கி, முன் இருக்கையின் காலடி விரிப்புக்குள் எல்லாம் ஊறியிருக்கிறது. மெக்கானிக் அதைப் பிழிந்து காட்டினார். துவாரங்களுக்குள் நுரை மருந்தை அடித்து, ஊறவிட்டு, புது ஃபில்டர் போட்டார். போகிற இடத்தைச் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஏசியை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள், உள்ளே ஈரம் தங்காது என்றார்.

"இந்த மாதிரி கிடந்தா யாரு உக்காந்தாலும் நாறத்தான் செய்யும்."

"என்ன சொன்னீங்க?" என்றார் அவர்.

"யாரு உக்காந்தாலும்னேன்."

"மழைச் சத்தத்துல சரியா விழல."

"யாரு உக்காந்தாலும் நாறும் சார்!" என்று மெக்கானிக் கத்தினார். அவர் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார். மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். போய் அவருடைய இருக்கையின் உறையை உருவி, சுருட்டி, அங்கிருந்த குப்பைத் தொட்டியில் திணித்தாள்.

முன்பக்க விரிப்பு காயவேண்டும் என்பதால் திரும்பும்போது அவர் பின்னால் உட்கார்ந்தார். காற்று சில்லென்று, வெறும் காற்றாக வந்தது. அவர் அதை நிதானமாக இழுத்து விட்டார். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒருத்தன் எழுந்துபோன மாதிரி இருந்தது. மருமகள் இனி மகனிடம் பேச வேண்டும், அவனுக்கு என்ன சொல்வாள், எப்படிச் சொல்வாள் என்று யோசித்தார். அது அவள் பாடு என்று விட்டுவிட்டார்.

தெருமுனைக்கு முந்தின பஸ் நிறுத்தத்தில் எதிர்வீட்டு டீச்சர், கூரை ஒழுகாத ஒரு மூலையைத் தேடியபடி, இரண்டு பைகளோடு நனைந்துகொண்டிருந்தாள்.

"நிறுத்தும்மா, நிறுத்து." அவரே கதவைத் திறந்து, ஓரமாக நகர்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார். "ஏறுங்க டீச்சர், ஏறுங்க."

"ஐயோ, சீட்டெல்லாம் நனைஞ்சிருமே..."

"நனையட்டும்! ஏறுங்க."

டீச்சர் பைகளை மடியில் அடுக்கிக்கொண்டு அவர் தோளில் இடித்தபடி உட்கார்ந்தாள். அப்பாடா என்று தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். முன்னாலிருந்த சிறிய கண்ணாடியில் மருமகளின் கண்கள் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு ரோட்டுக்குத் திரும்பின. டீச்சரின் குடை அவர் முழங்காலில் சாய்ந்து நின்றது. அதிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவருடைய வேட்டியில் விழுந்து வட்டமாகப் பரவியது. அவர் நகர்ந்து உட்காரவில்லை.