நாலு சோடிக்கு ஒரு வயலின்

நோர்வேயின் ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆண்டுக்கு இருமுறை வீட்டுக்காரர் எல்லாரும் கூடி முற்றத்தைக் கூட்டி, சருகு வாரி, வேலிக்குச் சாயம் பூசுவார்கள். டுக்னாட் என்று அதற்குப் பெயர். கூலி கிடையாது, முடிவில் காப்பியும் வாட்டிய சோசேஜும் உண்டு. நாகலட்சுமி சென்னையிலிருந்து வந்த முதல் வசந்தத்தில், புலால் உண்ணாதவளாகையால் சோசேஜைத் தொடாமல் வெறும் காப்பிக் கோப்பையோடு நின்றாள். அப்போது தன் டப்பாவில் இருந்த இடியப்பத்தில் பாதியை ஒரு காகிதத் தட்டில் வைத்து நீட்டியவர் றெஜினோல்ட். இரண்டாம் மாடிக்காரர், தச்சு வேலை செய்பவர்.

“சம்பலுக்க மாசிக் கருவாடு போடல்ல. பயப்படாமச் சாப்பிடுங்க, தங்கச்சி” என்றார்.

அன்று முதல் அவளுக்கு அவர் அண்ணன். மூன்று ஆண்டுகளாகப் படிக்கட்டில் பார்த்தால் ஒரு சிரிப்பு, பொங்கலுக்கு ஒரு கிண்ணம் பொங்கல், அவர் நத்தார் என்று சொல்லும் கிறிஸ்துமஸுக்கு ஒரு துண்டு கேக். அவ்வளவுதான் பழக்கம்.

இந்த மே மாதம் ஒரு மாலை அவரே வந்து அழைப்புமணியை அடித்தார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“ஒரு உதவி கேக்க வந்தன். ஏலாட்டி ஏலாது எண்டு சொல்லுங்க. நான் மனசில ஒண்டும் வைக்க மாட்டன்.”

றெஜினோல்ட் மட்டக்களப்புப் பறங்கியர். முன்னொரு காலத்தில் போர்த்துக்கேயக் கப்பல்களில் வந்து அந்த ஊரிலேயே தங்கிவிட்டவர்களின் வழி. மனைவி சிறிதேவி அதே ஊர்ச் சைவக் குடும்பத்துப் பெண். அவர்களுடைய ஒரே மகள் நிலானிக்கும் எலியாஸ் என்ற நோர்வேப் பையனுக்கும் ஜூன் இரண்டாம் சனிக்கிழமை கல்யாணம். தேவாலயம், மண்டபம், சாப்பாடு எல்லாம் ஆயிற்று. ஒன்றுதான் இல்லை. அவர்கள் வீட்டுக் கல்யாணம் கஃப்றிஞ்ஞா ஆடாமல் நிறைவேறாது. கப்பல்களில் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் தாளமும் ஐரோப்பியரின் வயலினும் இலங்கை மண்ணில் கலந்து பிறந்த ஆட்டம் அது. பைலா ஆட்டத்தை இலங்கையில் எல்லாருக்கும் தெரியும்; பைலாவுக்கு அக்கா முறை இந்தக் கஃப்றிஞ்ஞா. வயலின் வாசிக்க ஊரிலிருந்து றெஜினோல்ட்டின் தம்பி வருவதாக இருந்தது. அவர் கூரை ஓடு மாற்றப் போய்ச் சறுக்கி விழுந்து, மணிக்கட்டில் மாவுக்கட்டோடு இருக்கிறாராம். வெள்ளிதோறும் மாடியிலிருந்து கேட்கும் நாகலட்சுமியின் வயலினைத்தான் கல்யாணத்துக்குக் கேட்டு வந்திருந்தார்.

“ரெக்கார்டிங் போட்டா போதாதாண்ணா?” என்று கேட்டாள் நாகலட்சுமி.

“ரெக்கோட் காத்திருக்காது, தங்கச்சி.”

பிறகு விளக்கினார். நாலு சோடி சதுரமாக நிற்கும். ஒவ்வொரு சோடியும் மற்ற மூன்று சோடிகளிடமும் போய்ச் சுற்றிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். எல்லாரும் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் வயலின் வேகம் பிடிக்கும். ஒருவர் பிந்தினால் வயலின்காரர் அதே அடியைத் திருப்பித் திருப்பி வாசித்து அவரை அழைத்து வருவார். மாப்பிள்ளை வீட்டார் இந்த ஆட்டத்தை முன்பின் பார்த்ததில்லை. ஒஸ்லோவில் தனக்குத் தெரிந்து பறங்கியர் தங்கள் ஒரு வீடுதான் என்று சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினாள். வயலின் அவளுக்குப் பூஜைப் பொருள் மாதிரி. வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிப்பாள். அதை எடுத்துக்கொண்டுபோய் ஒரு விருந்து மண்டபத்தில், மதுக் கோப்பைகளுக்கு நடுவில், ஆட்டத்துக்கு வாசிப்பதா?

கணவன் வைத்தியநாதன் கடல் நீரோட்டங்களைக் கணினியில் வைத்து ஆராய்கிறவன். அவன் தட்டிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டான்: “இடியப்பம் குடுத்தப்போ அவர் நம்ம கோத்திரம் கேட்டாரா?”

“அது வேற, இது வேற.”

“சரி. முருகன் கேட்டார்னா என்கிட்ட அனுப்பு. நான் பேசிக்கறேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் மறுக்க மனம் வரவில்லை. மறுநாள் காலையில் இரண்டு மாடி இறங்கிப்போய்ச் சம்மதம் சொன்னாள். சிறிதேவி அவள் கையைப் பிடித்தவள் வெகுநேரம் விடவில்லை.

றெஜினோல்ட்டின் தம்பி கட்டுப்போட்ட கையோடு தினமும் வாட்சப்பில் பாடம் அனுப்பினார். வயலின் எடுக்க முடியாததால் வாயாலேயே மெட்டைப் பாடினார். பின்னால் சேவல் கூவும். யாரோ அவரைத் தேநீருக்குக் கூப்பிடுவார்கள். நாகலட்சுமி அதைக் கேட்டு ஸ்வரமாக எழுதிக்கொண்டாள். மும்மூன்றாகத் துள்ளி நடக்கும் தாளம். பத்து நாளில் மனப்பாடமாக்கி, ஒரு தடவை வாசித்துப் பதிவு செய்து அனுப்பினாள். பதில் வந்தது.

“தங்கச்சி கோயிலுக்கு வாசிக்கிறா. கேக்க நல்லாத்தான் இரிக்கி. ஆனா கால் எழும்புதில்லையே.”

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் உண்மை. ஒவ்வொரு ஸ்வரத்தையும் அசைத்துக் குழைத்துத் தாலாட்டிக்கொண்டிருந்தாள். அசைவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். வில்லைக் குட்டையாகப் பிடித்துக் குத்தி வாசித்தாள். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வைத்தியநாதனின் குதிகால் தானாகத் தரையைத் தட்டியது. அதை அவள் பார்த்துவிட்டாள். அவனோ தட்டவே இல்லை என்று சாதித்தான்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, பக்கத்துப் பியோர்ண்டாலில் வாடகைக்கு எடுத்திருந்த மண்டபத்தில் ஒத்திகை. நிலானியும் எலியாசும், எலியாசின் பெற்றோர், நிலானியின் இரண்டு தோழிகளும் அவர்களுடைய கணவன்மாரும் என்று நாலு சோடி. றெஜினோல்ட் றபான் என்ற கைம்மேளத்தை மடியில் வைத்துக்கொண்டார். நாகலட்சுமி ஓரமாகப் பாயை விரித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் சாய்த்து, வழக்கம்போல் கண்ணை மூடி ஆரம்பித்தாள்.

ஒரு பிசகில்லாமல் வாசித்தாள். எழுதி வைத்த கணக்குப்படி வேகம் பிடித்தாள்; கணக்குப்படி அழகாக முடித்தாள். கண்ணைத் திறந்தால், சதுரம் இருந்த இடத்தில் ஒரு சந்தை நின்றது. இரண்டு சோடிகள் முட்டிக்கொண்டிருந்தன. நிலானி சிரிப்பு தாளாமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். எலியாசின் அப்பா, ஆறடிக்கு மேல் உயரமான மனிதர், முழங்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்து ஆறு மாதம்தான் ஆகிறது, யாரோ ஒருவருடைய மனைவியின் கையைப் பிடித்தபடி சுவரோரமாக நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

றெஜினோல்ட் யாரையும் குறை சொல்லவில்லை. இன்னொரு முறை ஆடிப் பார்ப்போம் என்றார். இரண்டாவது முறையும் அதே கதைதான். அந்தப் பெரிய மனிதர் கல்யாணத்தன்று தனக்குப் பதில் வேறு யாரையாவது நிறுத்தும்படி நோர்வேஜிய மொழியில் மெல்லச் சொன்னார். எலியாசின் முகம் வாடியது.

வீடு திரும்பும் வழியில் நாகலட்சுமி ஒத்திகையை மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்தாள். தப்பு தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆடுகிறவர்களைப் பார்த்து வாசிக்க வேண்டிய இசையை அவள் பார்க்காமல் வாசித்துவிட்டாள். கண்ணைத் திறந்து வைத்தாலும், கீழே பாயில் உட்கார்ந்தால் தெரிவது எட்டுச் சோடிச் செருப்பு மட்டுமே. நின்றுகொண்டு மேற்கத்தியர் போல் தோளில் வைத்து வாசிக்கவோ அவளுக்கு வராது. ஒரு வாரத்தில் யாராலும் அதைக் கற்றுக்கொள்ள முடியாது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் கீழே போய் வேறு ஆள் பார்க்கும்படி சொல்லிவிட நினைத்தாள். வேறு ஆள் ஏது என்பதும் நினைவுக்கு வந்தது.

கீழே போனாள். சொன்னாள். றெஜினோல்ட் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினார்.

“நீங்க இருக்கிற விதத்த மாத்த வேணாம், தங்கச்சி. இருக்கிற இடத்த உயத்துவம். நான் தச்சன் தானே.”

அடுத்த நாலு நாளும் வேலை முடிந்து வந்து, சைக்கிள் வைக்கும் அறையில் மரம் அறுத்து ஒரு மேடை செய்தார். ஒருவர் சம்மணமிட்டு உட்காரும் அகலம், மேசை உயரம், ஏறுவதற்கு ஒரு படி. விளிம்பில் புடவை மாட்டிக்கொள்ளாதபடி உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தார். யாரும் கேட்காத வேலை அது. கடவுள் நேரில் வந்து நம் பயத்தைப் போக்குவதில்லை. பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர் கையில் உப்புத்தாளைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

எலியாசின் அப்பாவிடம் அவள் தானே பேசினாள். உடைந்த நோர்வேஜிய மொழியில், போன தடவை பிழை முழங்காலில் இல்லை, வயலினில்தான் என்றாள். நீங்கள் வந்து சேரும்வரை நான் முடிக்க மாட்டேன் என்றும் சொன்னாள். அவர் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஆனால் சனிக்கிழமை பிற்பகல், தேவாலயம் முடிந்து, சோறும் கறியும் சால்மன் மீனும் பரிமாறி முடிந்து, மேசைகளை ஓரம் தள்ளியபோது, கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வந்து மனைவியின் பக்கத்தில் நின்றார்.

நாகலட்சுமி மேடையில் ஏறி உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே ஜூன் வெயில் தரை முழுதும் கிடந்தது. எதிரே தண்ணீர்க் குடுவையில் சாய்த்து வைத்த போனில் தம்பியின் முகம். “அவசரப்படாதீங்க, தங்கச்சி” என்றது அது.

வில்லை வைத்தாள். றபான் சேர்ந்தது. நிலானியும் எலியாசும் முதல் சுற்றுப் போனார்கள்; வந்தார்கள். தோழிகள் இருவரும் தத்தம் கணவன்மாரை இழுத்துக்கொண்டு போய் வந்தார்கள். கடைசியாக எலியாசின் அப்பா, அந்தப் பெரியவர். முதல் சோடியிடம் சரியாகச் சுற்றினார். இரண்டாவதில் இடப்பக்கம் திரும்ப வேண்டியவர் வலப்பக்கம் திரும்பிவிட்டார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது. மனைவியின் கையை விட்டுவிட்டு, நாற்காலிகள் பக்கமாக இரண்டடி எடுத்து வைத்தார். றெஜினோல்ட்டின் விரல்கள் றபான் மேல் தயங்கின. மண்டபம் முழுவதும் தயங்கியது.

நாகலட்சுமி நிறுத்தவில்லை. அந்தச் சுற்றின் எட்டு அடியை எடுத்து, ஒலியைத் தாழ்த்தி, மெதுவாக வாசித்தாள். மறுபடி அதையே வாசித்தாள். கணக்கு எங்கோ போய்விட்டது. எத்தனையாவது தடவை என்று அவளுக்கே தெரியாது. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடக்கப் பழகும் பிள்ளைக்கு முன்னால் கை நீட்டிக்கொண்டு பின்னால் நகர்வார்களே, அப்படி ஒவ்வொரு அடியையும் அவர் முன்னால் நீட்டினாள். றபான் புரிந்துகொண்டு மெல்லத் தட்டிக்கொண்டு கூட வந்தது. பெரியவர் திரும்பினார். மேடையைப் பார்த்தார். நீ இன்னுமா வாசிக்கிறாய் என்று கேட்கிற பார்வை. அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

அவர் மனைவியின் கையைப் பிடித்தார். இரண்டாவது சோடி. மூன்றாவது சோடி. நொண்டியபடியே, உதட்டால் எண்ணிக்கொண்டு, தன் மூலைக்கு வந்து காலை ஊன்றினார்.

அந்தக் கணம் வேகம் பிடித்தாள். நாலு சோடியும் ஒன்றாகச் சுழன்றன. சுற்றி நின்றவர்கள் கை தட்டத் தொடங்கினார்கள். போனுக்குள் தம்பி மாவுக்கட்டை உயர்த்திக் கூவினார். அங்கே அவர் வீட்டுக்காரர் எல்லாரும் எழுந்து ஆடுவது தெரிந்தது. சிறிதேவி சமையலறையிலிருந்து ஓடி வந்து, ஓரமாக நின்ற வைத்தியநாதனின் முழங்கையைப் பிடித்து உள்ளே தள்ளினாள். கடல் நீரோட்டம் அறிந்த மனிதன், கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுழன்றான். நாகலட்சுமி இதையெல்லாம் ஒன்று விடாமல் பார்த்தாள். இத்தனை முகங்களில் ஒரே நேரத்தில் மகிழ்ச்சி ஏறுவதை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. முருகனுக்கு இதில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது என்று தோன்றியது.

ஆட்டம் முடிந்ததும் றெஜினோல்ட் றபானைக் கீழே வைத்து, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு சற்று நேரம் இருந்தார். நிலானி வந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டாள்.

எலியாசின் அப்பா நெற்றி வியர்வையோடு மேடைக்கு முன்னால் வந்து நின்றார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துக்கொண்டு, இன்னொரு தடவை ஆடலாமா என்று கேட்டார்.

நாகலட்சுமியின் தோள் வலித்தது. தொண்டை காய்ந்திருந்தது. காலையிலிருந்து பயத்தில் அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டாள். அதற்குள் நாலு சோடியும் தத்தம் மூலைகளில் போய் நின்றுவிட்டன.

சிறிதேவி தண்ணீரோடு ஒரு தட்டில் சோறும் பருப்பும் கொண்டு வந்தாள். றெஜினோல்ட் றபானை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“ஆறுதலாச் சாப்பிடுங்க, தங்கச்சி. நாங்க நிக்கிறம்.”