ரத்தம் கண்டால் சாய்கிறவன்

முதல் பருவத்தின் இரண்டாவது வாரத்திலேயே சிக்ஸ்டன், ஹில்லெவியின் மேல் விழுந்தான்.

செவிலியர் படிப்பு, இயன்முறை மருத்துவம், ஆய்வகப் படிப்பு என்று எதில் சேர்ந்தவர்களானாலும் முதல் பருவத்தில் எல்லோருக்கும் பொதுவான பாடம்தான். அன்றைக்குச் செய்முறை வகுப்பு. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை அளவு பார்க்க வேண்டும். ஹில்லெவி தன் விரலைத் தானே குத்திக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருந்தவன் முன்னால் நீட்டினாள். அவன் அந்தச் சொட்டையே பார்த்தான். உதடு வெளுத்தது. அப்படியே முன்னால் சரிந்துவிட்டான். ஏழு வருஷம் வட ஸ்வீடனின் காடுகளில் மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டியவன், கதவு நிலையில் குனிந்து நுழைகிற உயரம். மேசை, நாற்காலி, ஹில்லெவி எல்லாம் ஒன்றாகத் தரைக்கு வந்தன. அவளுடைய மூக்குக் கண்ணாடி இரண்டாக உடைந்தது.

பின்வரிசையில் இருந்த மால்ட்டே சும்மா இருப்பானா? சிக்ஸ்டன் கண் திறந்ததும் குனிந்து சொன்னான்: "காட்டுல வேலை பாத்தவன்தானே நீ? மரம் சாயறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுக்கணும்னு அங்க சொல்லித் தரலையா?"

வகுப்பே சிரித்தது. சிக்ஸ்டனும் சிரிக்க முயன்றான். ஹில்லெவிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு இது ஒரு இடைத்தங்கல். பள்ளி முழுக்க முதல் மதிப்பெண் வாங்கியவள். மருத்துவத்தில் ஒரு புள்ளியில் இடம் தவறிப்போய், அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று ஆய்வகப் படிப்பில் வந்து உட்கார்ந்திருந்தாள். இப்படிப்பட்ட ஆளோடு பருவம் முழுக்க ஒரே மேசையா என்று எரிச்சலாக வந்தது. நல்லவேளை, இவன் நாளைக்கு வரமாட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

வந்தான். காகிதப் பையில் இலவங்கப்பட்டை ரொட்டியும், அவள் கண்ணாடிக்குப் புதுச் சட்டம் போடக் கடையில் நேரம் வாங்கிய விவரமுமாக வந்தான். இடைவேளையில் காப்பிக்கு முன்னால் அவள் நேராகவே கேட்டுவிட்டாள், ரத்தம் ஆகாதென்றால் எதற்குச் செவிலியர் படிப்புக்கு வந்தாய் என்று.

அவன் காரணத்தைத் தயங்காமல் சொன்னான். இரண்டு வருஷம் முன்னால் அவனுக்கு மகள் பிறந்தபோது பிரசவ அறையில் மனைவி மாய்கெனின் கையைப் பிடித்தபடி நின்றிருக்கிறான். குழந்தையின் தலை தெரிந்த நேரத்தில் இவன் விழுந்து, நெற்றி கிழிந்து, இருந்த இரண்டு தாதிகளில் ஒருத்தி மாய்கெனை விட்டுவிட்டு இவனுக்குத் தையல் போட வேண்டியதாகிவிட்டது.

"அந்த ரூம்ல ரெண்டு பேரு வேலை செஞ்சாங்க ஹில்லெவி. ஒருத்தி என் பொண்டாட்டிக்கு, ஒருத்தி எனக்கு. வலி அவளுக்கு, கவனிப்பு எனக்கு. அவ அத சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. என்னால சிரிக்க முடியல. அங்க உபயோகமா நிக்கிற ஆளா நான் ஆகணும்."

ஹில்லெவி ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவன் பக்கம் தள்ளினாள்.

அந்த இலையுதிர் காலத்தில் அவன் மேலும் சில தடவை விழுந்தான். காயத்துக்குக் கட்டுப் போடும் படத்தைத் திரையில் பார்த்தே ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தான். மால்ட்டே அவனுடைய நாற்காலியைச் சுற்றி விளையாட்டுப் பாயை விரித்துவைத்தான். சிக்ஸ்டன் நன்றி சொல்லிவிட்டு அதன்மேலேயே காலை வைத்துக்கொண்டான்.

அக்டோபரில் உடலியங்கியல் ஆசிரியை குன்வோர் ரத்த அழுத்தம் பற்றி நடத்தினார். பயம் வந்தால் பெரும்பாலோருக்கு இதயம் வேகமெடுத்து அழுத்தம் ஏறி, அப்படியே நிற்கும். சிலருக்கு மட்டும் ரத்தத்தைக் கண்டால் முதலில் ஏறி, பிறகு சட்டென்று சரிந்துவிடும், மூளைக்குப் போதிய ரத்தம் எட்டாது, ஆள் விழுவார் என்று பலகையில் ஒரு கோடு வரைந்து காட்டினார். மலை ஏறிப் பள்ளத்தில் விழுகிற கோடு. ஹில்லெவி பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். சிக்ஸ்டன் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாள் தன் கோழைத்தனம் என்று அவன் நினைத்திருந்தது அங்கே சுண்ணாம்புக் கட்டியில் ஒரு கோடாக நின்றது.

அவன் கையைத் தூக்கினான். "கீழ விழற அந்த அழுத்தத்த நாமளா மேல தூக்க முடியுமா குன்வோர்?"

முடியும் என்றார் அவர். தொடை, வயிறு, கை எல்லாத் தசைகளையும் இறுக்கிப் பிடித்து, முகம் சூடேறும்வரை வைத்திருந்து, மெல்லத் தளர்த்தி, மறுபடி இறுக்க வேண்டும். அழுத்தம் விழாமல் தாங்கும். பழகப் பழகத்தான் கைகூடும். மயக்கம் வந்த பிறகு அல்ல, வருகிற அறிகுறி தெரிந்த உடனே செய்ய வேண்டும் என்றும் சொன்னார்.

அன்று மாலையே இருவரும் செய்முறைக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அழுத்தம் பார்க்கும் பட்டையை ஹில்லெவி அவன் கையில் சுற்றினாள். ரத்தப் படம் ஒன்றை எடுத்து வைத்தாள். எண் ஏறியது, பிறகு இறங்கத் தொடங்கியது. "இறுக்கு," என்றாள். அவன் பல்லைக் கடித்தான், கழுத்து நரம்பு புடைத்தது, இறங்கிக்கொண்டிருந்த எண் நின்று, மேலே திரும்பியது. பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய விஷயம், கண் முன்னால் ஒரு மனிதனைத் தாங்கிப் பிடித்து உட்காரவைத்தது. 

படத்திலிருந்து ரத்தக் குப்பிக்குப் போனார்கள். குப்பியிலிருந்து அவள் கைக்கு. நரம்பில் ஊசி போட்டு ரத்தம் எடுக்க, மாணவர்கள் ஒருவர் கையில் ஒருவர் பழகுவதுதான் அங்கே வழக்கம். மற்றவர்கள் இரண்டு மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். சிக்ஸ்டனுக்கு ஹில்லெவியின் இரண்டு கைகளும் போதவில்லை. நீலம் பாரித்த முழங்கைகளைப் பார்த்துவிட்டு அவளுடைய அம்மா, யாரோடு சண்டை போடுகிறாய் என்று கேட்டார். காட்டாளோடு என்றாள் ஹில்லெவி. ஒரு நாள் வலி தாங்காமல் அவனைத் திட்டியும் விட்டாள். அவன் மன்னிப்புக் கேட்டு, ஊசியை வைத்துவிட்டு, அன்றைக்கு இறுக்கித் தளர்த்துவதை மட்டும் தனியாகச் செய்துகொண்டிருந்தான். போகிற வழியில் கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்த அவள் திரும்பி வந்து சட்டைக் கையை மடித்து, மறு கையை நீட்டினாள்.

டிசம்பரில் தேர்வு; குறித்த நேரத்துக்குள் ரத்தம் எடுத்து முடிக்க வேண்டும். ஊசி குத்தத் தன் கையைத் தர முன்வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். ஹில்லெவி தன் முறையை முடித்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். சிக்ஸ்டன் அவர் மேல்கையில் ரப்பர் பட்டையைக் கட்டினான், நரம்பைத் தடவிக் கண்டுபிடித்தான், ஊசியை எடுத்தான். அப்போது அவன் உதடு வெளுப்பதை அவள் பார்த்தாள். தசையை இறுக்குகிறான், போதவில்லை என்பதும் தெரிந்தது.

அவன் ஊசியை மூடித் தட்டில் வைத்தான். பட்டையை அவிழ்த்தான். பிறகு, கூடத்தில் அத்தனை பேர் பார்க்க, தரையில் உட்கார்ந்தான்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க. தலை சுத்துது. ஊசியோட உங்க மேல விழறதவிட இங்க உக்காந்துக்கறது நல்லது," என்றான்.

"உக்காரு தம்பி, நான் எங்கயும் போகல," என்றார் தபால்காரர்.

உட்கார்ந்தபடியே கால்களை இறுக்கினான், தளர்த்தினான். முகத்தில் நிறம் திரும்பியது. எழுந்தான், கை கழுவினான், புதுக் கையுறை போட்டான், முதலிலிருந்து ஆரம்பித்தான். குப்பி பாதி நிறைந்தபோது நேரம் முடிந்துவிட்டது. தேர்ச்சி இல்லை.

வெளியே நடைகூடத்தில் ஹில்லெவிக்குத்தான் ஆத்திரம் பொங்கியது. நேரத்தைப் பார்க்கிறார்கள், மனுஷனைப் பார்க்கவில்லை என்று பொரிந்தாள். சிக்ஸ்டன் பையில் கம்பளிக் கையுறையைத் தேடிக்கொண்டிருந்தான்.

"ரூல்னா ரூல்தான். ஆனா நான் விழல, பாத்தியா?" என்றான்.

மால்ட்டே சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். எப்போதும்போல் ஏதாவது சொல்லப்போகிறான் என்று அவள் திரும்பினாள். அவன் சொன்னது வேறு. "நானா இருந்தா ஊசிய வெச்சிருக்க மாட்டேன். மானம் போயிடும்னு குத்தியிருப்பேன். அடுத்த தடவை பழகறதுக்கு என் கைய எடுத்துக்க. அவ கை பாவம்."

ஜனவரியில் மறுதேர்வு நடந்தது. கதவுக்கு வெளியே ஹில்லெவியும் மால்ட்டேயும் காத்து நின்றார்கள். மால்ட்டேயின் முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. சிக்ஸ்டன் வெளியே வந்து, தேறிவிட்டேன் என்று தலையை ஆட்டினான், அவ்வளவுதான். மூவரும் பனியில் நடந்து போய் சூடான பட்டாணி சூப் குடித்தார்கள். 

வசந்தத்தில் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் நாள் வந்தது. ஹில்லெவி விண்ணப்பித்தாள், இடமும் கிடைத்தது. ஆனால் ஒரு புள்ளியில் தவறிய வருஷத்தை இழந்த வருஷமாக அவள் அப்புறம் ஒருநாளும் சொன்னதில்லை. கஷ்டமான ஒன்றின் முன்னால் திரும்பத் திரும்பப் போய் உட்கார்வது எப்படி என்று, எல்லாமே சுலபமாக வந்த அவளுக்கு அந்த வருஷம்தான் காட்டியது.

அடுத்த ஆகஸ்டில் புது மாணவர்கள் வந்தபோது, அவர்களிடம் கொஞ்சம் பேசும்படி குன்வோர் சிக்ஸ்டனைக் கேட்டார். அவன் பேச்சைக் கேட்க ஹில்லெவியும் போயிருந்தாள். ரத்தம் பார்த்தால் தலை சுற்றுகிறவர்கள் யார் என்று அவன் கேட்டான். ஒருவரும் அசையவில்லை. அவன் தன் கையை உயர்த்தி, இறக்காமல் நின்றான். கூச்சத்தோடு ஒரு கை எழுந்தது, பிறகு இன்னொன்று. கதவருகே, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராய் நின்ற பெண் ஒருத்தியும் பாதிக் கையைத் தூக்கினாள்.

"பைய எறக்கி வை. இங்க முன்னாடி வந்து உக்காரு. மொதல்ல உக்கார்றதுதான் பாடம்," என்றான் சிக்ஸ்டன்.

அவள் வந்து உட்கார்ந்தாள்.