மேல் கம்பி

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைப் பார்ப்பது, கிணற்றில் கல் போட்டு ஆழம் பார்ப்பது போலத்தான். சத்தம் எவ்வளவு தாமதமாகக் கேட்கிறதோ, கிணறு அவ்வளவு ஆழம். ரேடார் கல்லுக்குப் பதிலாக அலையை அனுப்புகிறது. கம்பியில் பட்டுத் திரும்பும் நேரம்தான் கணக்கு. அந்த ரேடாரை ட்ரோனின் வயிற்றில் கட்டி, ஆள் நிற்கக்கூடாத இடங்களில் உருட்டுவது என் வேலை.

அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடி பால்கனி போன வருடம் இடிந்து விழுந்தது. கீழே நடந்துபோன ஒரு பெண் இறந்துபோனார். கம்பி கட்டியவர் பாதிக் கம்பியை விற்றுவிட்டார் என்று பேச்சு. யாரும் பார்ப்பதற்குள் இடிபாட்டை அள்ளிவிட்டார்கள். அவர் அதன்பின் வேலைக்கே போகவில்லை. எட்டே மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டார்.

அவர் மனைவியும் மனைவியின் தம்பியும் வந்திருந்தார்கள். அங்கே கான்கிரீட் போட்ட குழுவுக்குத் தம்பிதான் தலைவர். மனுமேல் மனு எழுதி இந்தச் சோதனையை வரவழைத்தவரும் அவரே.

"இந்தப் பூச்சியாடா உண்மையைச் சொல்லப்போகுது?"

"சம்பளம் வாங்காத பூச்சி, அக்கா. பொய் சொல்லாது."

விழுந்தது போக, அதே ஆட்கள் அதே மாதிரி கட்டிய நான்காம் மாடி பால்கனியில் ட்ரோன் இறங்கி, சின்னச் சக்கரங்களில் ஊர்ந்தது. திரையில் கவிழ்த்த கிண்ணங்கள்போல் வளைவுகள் எழுந்தன. ஒரு வளைவு, ஒரு கம்பி. தம்பி வரைபடத்தோடு ஒப்பிட்டு எண்ணினார்.

"பதினாலு! ஒண்ணுகூட குறையலக்கா!"

அக்காள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்புறம் ஏன் சார் விழுந்துச்சு?" என்றாள்.

விளக்கம் கேட்டால் எனக்கு வாய் நிற்காது. "கையை நீட்டி ஒரு வாளியைப் பிடிங்கம்மா. தோளோட மேல்பக்கம்தானே இழுக்கும்? பால்கனியும் நீட்டின கைதான். கான்கிரீட் நசுக்கினா தாங்கும், இழுத்தா தாங்காது. அதனால கம்பி மேலாக, மேல்பரப்புலேர்ந்து மூணு சென்டிமீட்டர் ஆழத்துல இருக்கணும். ஓரத்துல அப்படித்தான் இருக்கு. நடுவுல மட்டும் ஒன்பதுக்கு இறங்கிடுச்சு. விழுந்ததும் இப்படித்தான் இருந்திருக்கும். கட்டினது சரி. கான்கிரீட் போடறப்போ யாரோ மேல நடந்து மிதிச்சு..."

அதற்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும்.

தம்பி திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "மாமா பலகை போட்டுக் கொடுத்தாரு. அதுமேலயே நடங்கடான்னு கத்தினாரு. மழை வர்ற மாதிரி இருந்துச்சு. சீக்கிரம் முடிக்கணும்னு நான்தான் பலகையை எடுத்து ஓரமாப் போடச் சொன்னேன்."

அக்காள் என் பக்கம் திரும்பினாள். "கம்பி சரியா இருக்குன்னு மட்டும் எழுத முடியுமா சார்?"

"மத்த பால்கனியும் இப்படி இருந்தா? கீழ ஆளுங்க நடக்கறாங்கம்மா."

"உள்ளதை முழுசா எழுதுங்க சார்," என்றார் தம்பி. "மாமாவுக்குத் தெரிஞ்சிருக்கும். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னுதான் வாயே திறக்கல."

அக்காள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நானே கேட்டேன்டா அவரை," என்றாள். "வித்தீங்களான்னு."