ஏற்கெனவே வாங்கிவிட்டேன்

லிப்ட் மெக்கானிக் பாம்புச்செவி, தன் குடும்பத்தோடு சோபாவில் சாய்ந்திருந்தபோது, டிவித் திரையை அடைத்துக்கொண்டு ஒரு காது வந்து நின்றது. ஓர் ஆள் கால் நீட்டிப் படுத்துத் தூங்கலாம், அத்தனை பெரிய காது. அதற்குள் பட்டாணி அளவில் ஒரு மெஷின் புகுந்து உட்கார்ந்தது. கீழே எழுத்து ஓடியது: 'என்ன சொன்னீங்க, என்ன சொன்னீங்க என்று கேட்டே அலுத்துவிட்டதா?'

"யாருக்குங்க இந்த வீட்டுல காது கேக்கலை? ஒரு வாரமா இதே ரோதனை" என்றாள் மனைவி.

"எதிர்வீட்டுக்காரனுக்கு வர வேண்டியதா இருக்கும். தப்பி இங்க வந்திருக்கு."

"வழி தப்பி வர்றதுக்கு விளம்பரம் என்ன பூனையா?"

வழி தப்பவில்லை, சரியான விலாசத்துக்குத்தான் வந்திருந்தது. லிப்ட் கதவில் காதை வைத்து, எத்தனையாவது மாடியில் எந்த உருளை தேய்கிறது என்று சொல்லி அந்தப் பட்டப்பெயரை வாங்கியவர் அவர். பத்தாவது மாடியில் எறும்பு தும்மினால் தரைத்தளத்தில் திரும்பிப் பார்ப்பார் என்று கம்பெனியில் பேச்சு. அந்தச் செவிதான் இரண்டு வருடமாக, சொல்லாமல் கொள்ளாமல், கடையைச் சாத்திக்கொண்டிருந்தது. போன வாரம் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, லிப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று "நிறுத்து" என்று மூன்று தடவை கத்தியிருக்கிறான். மேலே மோட்டார் அறையில் பொத்தான் அருகே நின்ற இவருக்கு மூன்றாவதுதான் விழுந்தது. பெட்டி நின்றபோது அவன் தலைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. மோட்டார் இரைச்சல் என்று சிரித்து மழுப்பினார். விஷயம் தெரிந்தால் கம்பெனி அவரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடும்.

அன்று மாலை கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு, ஒரே ஒரு தடவை 'காது மெஷின் விலை' என்று போனில் தட்டினார். விலையைப் பார்த்து மூடிவிட்டார். அவ்வளவுதான் குற்றம். மழை வருமா என்று பார்த்தால் காது. செய்தியின் தலைப்புக்கும் செய்திக்கும் நடுவே காது. அவர் போன், மனைவியின் போன், டிவி மூன்றையும் சிக்கனம் என்று ஒரே கணக்கில் கோத்துவிட்டவரும் அவரேதான்.

போனில் விளம்பரத்தின் ஓரத்துப் பெருக்கல் குறியைத் தொட்டார். ஏன் வேண்டாம் என்று அது காரணம் கேட்டது. 'எனக்குத் தொடர்பில்லாதது' என்பதை அழுத்தக் கை கூசியது. 'ஏற்கெனவே வாங்கிவிட்டேன்' என்று ஒன்று இருந்தது. வாங்கியவனிடம் எந்தக் கடைக்காரன் மறுபடி வருவான் என்று அதை அழுத்தினார். மறுநாள் பேட்டரி வந்தது, துடைக்கும் பிரஷ் வந்தது, தொலைந்தால் இன்சூரன்ஸ் வந்தது. மனைவியின் போனுக்கு 'காது கேளாத கணவரிடம் கோபப்படாமல் இருப்பது எப்படி' வந்தது.

"நான் எப்போங்க கோபப்பட்டேன்?" என்று அவள் கோபமாகக் கேட்டாள்.

இனி பொறுப்பதற்கில்லை. மறுநாள், பழைய கட்டடம் ஒன்றின் உச்சியில் மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து, போனின் குடலுக்குள் இறங்கினார். விளம்பரங்களுக்காக உங்களைக் கவனிக்க வேண்டாமா, வேண்டாம். உறுதியாகவா, உறுதியாக. வருத்தமாக இருக்கிறது, மறுபடி யோசிக்கிறீர்களா, இல்லை. கடைசியில், இவர் இவர்தான் என்று நிச்சயப்படுத்த ஓர் அழைப்பு வரும், அதில் சொல்லும் எண்ணைக் கேட்டுத் தட்டவும் என்றது. அழைப்பு வந்தது. பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் ஏதோ முனகியது. 'மறுபடி' என்பதை அழுத்தினார். மறுபடியும் பஞ்சு. இதுவே கடைசி வாய்ப்பு என்றது போன்.

கருவிப்பையோடு மச்சான் உள்ளே வந்தான்.

"மாப்ளே, கண்ணாடி எடுத்துட்டு வரலை. இதைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லு."

"கேக்கறதுக்குக் கண்ணாடி எதுக்கு மாமா?"

"தட்டறதுக்குடா. வியாக்கியானம் பேசாம வாங்கு."

அவன் கேட்டான், தட்டினான், போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எதை நிறுத்தினோம் மாமா?"

"தொல்லையை."

"சரி. போன வாரம் மாதிரி விளையாடாதீங்க. நான் நிறுத்துன்னா நிறுத்தணும்."

"எனக்கே சொல்றியா?"

அவன் பெட்டியின் கூரைமேல் ஏறக் கீழ்மாடிக்குப் போனான். போன் திரையில் குழந்தைகளின் காலணி விளம்பரம் துள்ளிக்கொண்டிருந்தது. காதைக் காணோம். துள்ளிக் குதித்திருக்க வேண்டியவர், போனைக் கவிழ்த்து வைத்தார். அவர் சங்கதி முழுக்கத் தெரிந்து, நாள் தவறாமல் வீட்டில் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரே ஆசாமியான அந்த விளம்பரத்தின் வாயையும் அடைத்தாயிற்று.

கம்பி வடம் மெல்ல ஆடியது. ஏறிவிட்டான். அவர் மோட்டாரைப் போட்டார். அறை முழுக்க ஒரே இரைச்சல். அதுவும் அவருக்குத் தூரத்து மழைபோலத்தான் கேட்டது. பெட்டி மேலே வரத் தொடங்கியது. வடம் இறங்கும் ஓட்டைக்குமேல் குனிந்து பார்த்தார். கிணறுபோன்ற இருட்டில், கைவிளக்கு வெளிச்சத்தில், அண்ணாந்த ஒரு முகம் அவரை நோக்கி ஏறி வந்துகொண்டிருந்தது. அதன் வாய் அகலத் திறந்து மூடியது. மறுபடி திறந்தது. சிரிக்கிறானா, பாடுகிறானா என்று பார்ப்பதற்காக அவர் இன்னும் குனிந்தார்.